தோற்ற கைத்துணி

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. எனக்குத் தெரிந்தவரை எண்ணிச் சொல்கிறேன். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நீரில் கிண்ணம் மிதக்கவிட்டு மக்கள் நேரம் பார்த்த காலம் அது. ஆலங்கரை என்ற ஊரில் கொற்றன் என்றொரு முட்டிக்குத்து மல்லன் இருந்தான். அவன் நின்றால் இருவர் நிற்கும் இடம் அடைபடும். அவன் வலக்கைக் குத்து விழுந்தால் எருமையும் ஓரடி பின்வாங்கும்.

அவ்வூர்ப் போரின் முறை இது. மல்லர் இருவரும் உடம்பில் வெள்ளை மண் பூசிக்கொள்வார்கள். கைகளில் காவிக் குழம்பில் நனைத்த துணியைச் சுற்றிக்கொள்வார்கள். குத்து விழுந்த இடத்தில் சிவப்புத் தடம் விழும். அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணம் நீரில் மூழ்கினால் ஒரு சுற்று முடிந்தது. எண்ணுவோர் மூவர் தடங்களை எண்ணிவிட்டு, துடைத்து, மறுபடி வெள்ளை பூசுவார்கள். இப்படி மூன்று கிண்ணம். மொத்தத்தில் அதிகத் தடம் பதித்தவனுக்கே வெற்றி. மூன்றும் முடியும்வரை கைத்துணியை மறுபடி நனைக்கக் கூடாது.

அந்த ஆண்டு மேற்குமலை மல்லன் எயினன் வந்தான். உடம்பு சிறியது, கால் வேகமானது. முதல் கிண்ணத்தில் கொற்றனுக்குப் பன்னிரண்டு தடம், எயினனுக்கு ஆறு. இரண்டாவதில் கொற்றனுக்கு ஆறு, எயினனுக்கு எட்டு. மூன்றாவதில் எயினனுக்கு ஏழு, கொற்றனுக்கு ஒன்றுமில்லை. பதினெட்டுக்கு இருபத்தொன்று. கொற்றன் தோற்றான்.

மூன்றாம் கிண்ணத்தில் அவன் குத்தாமல் இல்லை. ஒன்பது குத்து குத்தினான். சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. தடம் மட்டும் விழவில்லை.

தோற்றவன் நாற்பத்தெட்டாம் நாள் மறுபோர் கேட்கலாம். அதிலும் வெல்லாவிட்டால் இடுப்புக் கச்சையை அவிழ்த்து அரசன் முன் வைக்க வேண்டும். பிறகு போர்க்களத்து மணலில் கால் வைக்கக் கூடாது. கொற்றனுக்கு வயது முப்பத்தாறு. வேறு தொழில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் மறுபோர் கேட்டான்.

மூவர் அவனுக்குக் காரணம் சொன்னார்கள்.

“கண்பட்டுவிட்டதடா,” என்றார் அவன் ஆசான் சேந்தன். கொற்றன் மூன்று கோயிலுக்கு நடந்து மூன்று காப்புக் கட்டினான். ஒன்பது நாள் போயிற்று.

“எடை போதவில்லை அண்ணே,” என்றான் மடைப்பள்ளிக்காரன். கொற்றன் மூன்று வேளையும் நெய்ச்சோறு தின்றான். இருபது நாள் போயிற்று.

“எண்ணியவர்கள் பொய்யர்கள்,” என்றான் ஊர்த்தலைவன். கொற்றன் அரசனிடம் போய் முறையிட்டான். அரசன், “சரி, பக்கத்து நாட்டிலிருந்து மூன்று பேரை வரவழைக்கிறேன். பிறகு குறை சொல்லாதே,” என்றான். பதினோரு நாள் போயிற்று.

மிச்சம் எட்டு நாள்.

புதுக் கைத்துணி இரண்டை வெளுக்கக் கொடுக்கக் கொற்றன் ஆற்றங்கரைக்குப் போனான். வெளுப்பவள் பெயர் பொன்னாத்தி. அவள் துணியை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“இரண்டு எதற்கு மல்லரே? உமக்கு ஒன்று போதுமே.”

“என்ன சொன்னாய்?”

“உம்முடைய இடக்கைத் துணி நைவதே இல்லை. அந்தக் கையை யாருக்காக வைத்திருக்கிறீர், சாமிக்கு நேர்ந்துவிட்டீரா?”

கொற்றனுக்கு முகம் சிவந்தது. திரும்பி நாலடி நடந்தான். பிறகு நின்றான்.

“அன்றைக்குக் கட்டிய துணி உன்னிடமா இருக்கிறது?”

“உள்ளே தொங்குகிறது. மறுபோர் முடியும்வரை வெளுக்கக் கூடாதே.”

தோற்ற துணியைத் தோற்றவன் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது. பார்த்தால் தோல்வி திரும்பி வரும் என்பது ஆலங்கரை மல்லர் வழக்கம். அதனால்தான் அந்த ஊரில் எந்த மல்லனும் தன் தோற்ற துணியைப் பார்த்ததே இல்லை.

“கொண்டுவா,” என்றான் கொற்றன்.

வலக்கைத் துணியில் முட்டி படும் இடம் நைந்து வெளுத்திருந்தது. ஒரு பொட்டுக் காவியில்லை. இடக்கைத் துணியில் காவி அப்படியே காய்ந்து, கோடைக் குளம்போல் வெடித்திருந்தது. முதல் இரண்டு கிண்ணத்திலேயே வலக்கையின் காவியெல்லாம் தீர்ந்துபோயிருக்கிறது. எண்ணியவர்கள் பொய் சொல்லவில்லை.

“துணியைப் பார்த்தாயா பாவி!” என்று ஆசான் தலையில் அடித்துக்கொண்டார். கொற்றன் வாழைத்தண்டை நட்டு இடக்கையால் குத்தினான். முதல் நாள் நூறு, மறுநாள் இருநூறு, மூன்றாம் நாள் முந்நூறு. பாதி குத்து தண்டில் படவேயில்லை. எட்டாம் நாள் பத்துக்கு ஏழு பட்டது.

மறுபோர் வந்தது. முதல் கிண்ணத்தில் கொற்றன் வலக்கையை அடக்கி வைத்தான். இடக்கையையும் காட்டவில்லை. அவனுக்கு நான்கு, எயினனுக்கு ஏழு.

“ஏ கொற்றா, கை வலிக்கிறதா? வீட்டுக்குப் போய்ப் படு!” என்று கூட்டம் கத்தியது.

இரண்டாவதில் ஆளுக்கு ஏழு. பதினொன்றுக்குப் பதினான்கு. அரசன் பார்வை கொற்றனின் கச்சையில் விழுந்ததைக் கொற்றனும் பார்த்தான்.

மூன்றாம் கிண்ணம் மிதந்தது. சென்ற போரைப்போல இனி வலக்கையில் காவியிருக்காது என்று எயினன் கணக்குப் போட்டான். பயமில்லாமல் நெருங்கி வந்தான். கொற்றன் வலக்கையை ஓங்கினான், எயினன் அதைப் பார்த்துக் குனிந்தான், இடக்கை இறங்கியது. தோளில் ஒன்று. மார்பில் ஒன்று. விலாவில் ஒன்று. எயினன் விலகினான், சுற்றினான், மறுபடி வந்து ஆறு தடம் பதித்தான். கொற்றனுக்கு மூச்சு வாங்கியது. கால் மணலில் புதைந்தது. கிண்ணத்தின் விளிம்பில் நீர் ஏறியது. கடைசியாகக் கொற்றன் ஒரு குத்து விட்டான், கிண்ணம் மூழ்கியது.

பக்கத்து நாட்டார் மூவரும் எண்ணினார்கள். எயினனுக்கு மொத்தம் இருபது. கொற்றனுக்கு இந்தக் கிண்ணத்தில் தெளிவான தடம் ஒன்பது. அதுவும் மொத்தம் இருபது. சமமானால் முன்பு வென்றவனுக்கே வெற்றி. எயினனின் வயிற்றோரம் வியர்வையில் கரைந்த சிவப்புக் கறை ஒன்று இருந்தது. ஒருவர் குத்து என்றார். ஒருவர் உரசல் என்றார். மூன்றாமவர் தெரியவில்லை என்றார்.

அரசன் எழுந்தான். “எயினா, பட்டது உன் உடம்பு. நீயே சொல்.”

மேற்குமலையார், “உரசல் என்று சொல்! உரசல் என்று சொல்!” என்று கத்தினார்கள். கொற்றனின் விரல்கள் கச்சை முடிச்சுக்குப் போயின.

எயினன் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

“குத்துதான் அரசே. இன்னும் வலிக்கிறது.”

இருபத்தொன்றுக்கு இருபது. கொற்றன் வென்றான். முடிச்சிலிருந்து கையை எடுத்து எயினனை அணைத்துக்கொண்டான். அரசன் இருவருக்கும் ஒரே அளவில் பட்டுக் கச்சை கட்டினான்.

இக்கதை சொல்லும் நீதி: தன் தோல்வியைத் தானே கண் திறந்து பார்க்கத் துணிந்தவனே வீரன்.