இருபது பூட்டுகளின் சத்தியம்

பரீட்சையைக் கண்டு பிள்ளைகள் நடுங்குவது உலக வழக்கம். பரீட்சையே வெலவெலத்துப் போன சங்கதி ஒன்று உண்டு, கேளுங்கள்.

ஒரு சமயம் ஒரு கணக்கு வினாத்தாள் அச்சாகி வந்தது. பிரதி எத்தனை ஆயிரம் இருந்தால் என்ன, வினாத்தாளுக்கு உயிர் ஒன்றுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் எந்த மூலையில், எந்தப் பிரதியை, யார் ஒருவர் பார்த்துவிட்டாலும் தீர்ந்தது. பரீட்சை ரத்து. அத்தனை பிரதியும் காகித அரவை ஆலைக்குப் போகும்.

இருபது பள்ளிக்கூடங்களில் பரீட்சை. அவற்றின் பீரோக்களுக்கென்று இருபது பூட்டுகள் தேர்வு அலுவலக மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதிகாரி திருமேனிநாதன் பக்திமான். பூட்டுகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். தட்டில் கற்பூரம் ஏற்றினார். பிறகு முத்திரை வைக்க அரக்கு எடுத்து வரப் பக்கத்து அறைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் வினாத்தாள் வாயைத் திறந்தது. "அண்ணன்மாரே, கற்பூரம் எரியுறப்பவே சொல்லிடுங்க. என்னைக் காப்பாத்துவீங்களா?"

தொந்தி பெருத்த பித்தளைப் பூட்டு முதலில் பேசியது. "தாயி, பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நூறு தடவையில அஞ்சு தடவை கோட்டை விடுவேன். துருப் பிடிச்சிருக்கும், கள்ளச்சாவி வந்திருக்கும், பூட்டுனவன் ஞாபகமறதிக்காரனா இருப்பான். மத்த தொண்ணூத்தஞ்சு தடவை என்னைத் தாண்டி ஈ எறும்பு நுழையாது. இது சத்தியம்."

"எனக்கும் அதே கணக்குதான்" என்றது இரண்டாவது பூட்டு. மூன்றாவதும் அதையே சொன்னது. இருபதும் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தன.

வினாத்தாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. "அப்பாடா! ஆளுக்குத் தொண்ணூத்தஞ்சு. அப்போ எனக்கும் தொண்ணூத்தஞ்சு!"

அதன் ஆறாம் பக்கத்தில் குடியிருந்த கூட்டல் குறி தோளை விரித்தது. "எதுக்கும் நான் ஒரு தடவை கூட்டிப் பார்த்துடறேன். முதல் பூட்டு மட்டும் திறந்துக்கிட்டா ஒரு வழி. ரெண்டாவது மட்டும் திறந்தா இன்னொரு வழி. ஒண்ணும் ரெண்டும் சேர்ந்து திறந்தா, அடுத்து ஒண்ணும் மூணும், அப்புறம் ஒண்ணும் ரெண்டும் மூணும்..." சொல்லிக்கொண்டே போனதில் அதற்கு மூச்சு வாங்கியது. "அடக் கடவுளே, இது அனுமார் வாலா நீளுதே!"

பக்கத்தில் ஒற்றைக் கோடாகப் படுத்திருந்த கழித்தல் குறி மெல்லத் தலை தூக்கியது. அதை யாரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதில்லை. "ஏம்ப்பா வீணாக் கஷ்டப்படுறே? இவ அழிய வழி பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூத்து எழுபத்தஞ்சு."

வினாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிழைக்க?"

"ஒரே வழி. இருபதுல ஒண்ணுகூடத் திறக்கக் கூடாது. அந்த ஒண்ணை மட்டும் கண்டுபிடி. முழுசுல இருந்து அதைக் கழி. மிச்சமெல்லாம் உனக்கு எமன்தான்."

"அந்த ஒண்ணு எவ்வளவு? சொல்லித் தொலையேன்!"

"நூறு பரீட்சை நடக்குதுன்னு வச்சுக்க. முதல் பூட்டைத் தாண்டித் தொண்ணூத்தஞ்சு தங்கும். அந்தத் தொண்ணூத்தஞ்சுல ரெண்டாவது பூட்டு தன் பங்குக்கு இருபதுல ஒண்ணைக் கோட்டை விடும். தொண்ணூறு. மூணாவதுக்கு எண்பத்தாறு. பத்தாவதுக்கு அறுபது. பதினாலாவது பூட்டு தாண்டும்போதே பாதிக்குக் கீழே போயிடுவே."

"இருபதாவதுக்கு?"

"முப்பத்தாறு."

நூறில் அறுபத்து நாலு தடவை சாவு! பித்தளைப் பூட்டின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "நாங்க யாரும் பொய் சொல்லலையே தாயி!" என்று அது தழுதழுத்தது.

"சொல்லலை. அதுதான் எனக்கும் பயமா இருக்கு" என்றது கழித்தல் குறி.

வினாத்தாள் கழித்தல் குறியைப் பிடித்துக்கொண்டது. "மூணு பூட்டோட நிறுத்தினா எண்பத்தாறுன்னியே! அதையாவது சொல்லிக் கெஞ்சுறேன்." அதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டதும் பக்கங்களைப் படபடவென்று அடித்துக்கொண்டு கத்தியது. "ஐயா! இருபது பீரோ வேண்டாம்யா! மூணே இடத்துல வைங்க, பிள்ளைங்களை அங்க வரச் சொல்லுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"என்ன காத்து அடிக்குது! தாள் பறந்துடப் போகுது" என்றபடி திருமேனிநாதன் அவசரமாகக் கட்டைச் சுற்றி, உருக்கிய அரக்கை அதன் வாயில் ஊற்றினார்.

"சத்தம் போடாதே கண்ணு, உன் பாதுகாப்புக்குத்தான்" என்றது அரக்கு.

இருபது கட்டுகள் இருபது திசைக்குப் போயின. எங்கே இருந்தாலும் வினாத்தாளுக்கு ஒரே நினைப்புதான்: முப்பத்தாறு, முப்பத்தாறு.

பதின்மூன்றாவது பள்ளிக்கூடத்தில் பீரோக் கதவு திறந்தது. அரக்கு உடைந்தது. வெளிச்சம் வந்ததும், 'பிழைச்சேன், மணி பத்தாயிடுச்சு!' என்று வினாத்தாள் பூரித்துப் போனது. பிள்ளைகளைத் தேடியது. பிள்ளைகள் யாரும் இல்லை. ஒரு செல்போன் மட்டும் முகத்துக்கு நேரே நின்று, பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அந்தப் பள்ளிக்கூடத்துக் காவலாளி சின்னாண்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "சாவி தொலைஞ்சா வேலை போயிடுமேன்னு பயந்து, பூட்டு வளையத்துலயே நூல் போட்டுக் கட்டி வச்சேனுங்க. எவன் திறந்தான்னு தெரியலைங்க!"

பரீட்சை ரத்தானது. பூட்டுகள் மறுபடி மேசைக்கு வந்தன. பத்தொன்பது பூட்டுகள், "நாங்க சத்தியம் தவறலை" என்றன. உண்மைதான். பதின்மூன்றாவது பூட்டு, "நூத்துல அஞ்சுன்னு நானும் முதல்லயே சொன்னேனே" என்று முனகியது. அதுவும் உண்மைதான்.

வெளியே வாசலில் பிள்ளைகளும் பெற்றவர்களும் கூடிக் கூச்சல் போட்டார்கள். "மறுபடியும் முதல்ல இருந்தா சார்?" என்று ஒரு பெண் அழுத குரல் ஜன்னல் வழியாக வந்தது. வினாத்தாளைச் சாக்கில் திணித்து அரவை ஆலைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சாக்கின் வாய் இறுகும் நேரத்தில் திருமேனிநாதன் பேசியது அதன் காதில் விழுந்தது.

"ஒரே இடத்துல நிறைய வச்சதுதான் நாம பண்ணின தப்பு. அடுத்த பரீட்சைக்கு இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். நாற்பது இடமாப் பிரிச்சு வைப்போம், நாற்பது பூட்டு வாங்கிட்டு வாங்க!"