எதிர்பாராத செலவுப் பெட்டி

முட்டாள்கள் முன்யோசனை இல்லாதவர்கள் என்றொரு கருத்து நாட்டில் நிலவுகிறது. படித்தவர்களே இதை நம்புவதால் முதலில் திருத்திவிட வேண்டியிருக்கிறது. கொட்டாவிப்பட்டிச் சகோதரர்கள் மூவரைப் போல முன்யோசனையோடு முதல் வீடு வாங்கப் புறப்பட்டவர்கள், நான் விசாரித்தவரை, எவரும் இல்லை.

மூத்தவன் எல்லப்பன். அவனுக்கு ஆதிமூலத்தின் மகள் வள்ளிக்கொடியைப் பேசியிருந்தார்கள். "சொந்த வீடு இருந்தாத்தான் பொண்ணு. ஆவணிக்குள்ள பத்திரம் பதியுறதை என் கண்ணால பார்க்கணும்" என்று ஆதிமூலம் கறாராகச் சொல்லிவிட்டார்.

சகோதரர்கள் வீட்டு விலையைச் சேர்த்துக்கொண்டு பத்திர எழுத்தர் தணிகாசலத்திடம் போனார்கள்.

"விலை மட்டும் போதாது தம்பிகளா" என்றார் அவர். "தரகு, வில்லங்கச் சான்று, முத்திரைத்தாள்னு ஒண்ணு மேல ஒண்ணு வரும். எதிர்பாராத செலவுக்குன்னு ஒரு பெட்டியில தனியா பணம் வையுங்க. வேற எதுக்கும் அதைத் தொடாதீங்க."

அப்படியே வைத்தார்கள்.

மறுநாள் தரகர் வந்து நின்றார். சின்னவன் சீராளன் பெட்டியைத் திறக்கப் போனான்.

"கையை எடுடா!" என்றான் எல்லப்பன். "தரகு கேப்பாங்கன்னு எழுத்தர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாருண்ணே."

"அப்போ எதிர்பார்த்துட்டோம். எதிர்பார்த்த செலவுக்கு இந்தப் பணம் கிடையாது."

தர்க்கத்தில் குற்றமில்லை. சைக்கிளை விற்றுத் தரகு கொடுத்தார்கள். வில்லங்கச் சான்றுக்குக் கட்டில் போயிற்று.

வாங்கப்போகும் வீட்டில் ஓடு உடைந்திருப்பது தெரிந்ததும் சீராளன் துள்ளிக் குதித்தான். எழுத்தர் ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நடுவுள்ளவன் பொன்னழகு பிறவிக் கவலைக்காரன்.

"நான் நேத்தே நினைச்சேன், ஓடு உடைஞ்சிருக்குமோன்னு" என்று அவன் தலையைச் சொறிந்தான்.

"உன்னை யாருடா நினைக்கச் சொன்னது, பாவி!"

ஓட்டுக்கு அண்டா போயிற்று.

முத்திரைத்தாள் வாங்க வேண்டிய சமயத்தில் விற்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மூவரும் வெறுந்தரையில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எதிர்பார்த்ததை மறந்துட்டா என்னண்ணே?" என்றான் சீராளன். "அப்புறம் அது திடீர்னு வந்து நிக்கும். பெட்டியைத் திறந்துக்கலாம்."

எல்லப்பன் தம்பியைக் கட்டித் தழுவினான். அன்றைக்கே மறக்கத் தொடங்கினார்கள்.

"மறந்துட்டியாடா?"

"எதைண்ணே?"

"முத்திரைத்தாளை."

"மறந்துதான் இருந்தேன். கெடுத்துட்டியே!"

பொன்னழகின் பாடு இன்னும் மோசம். "வீட்டை நினைச்சாலே முத்திரைத்தாள் வந்துடுதுண்ணே" என்று அழுதான்.

"வீட்டையும் மறந்துடு."

"உன் கல்யாணத்தை நினைச்சா வீடு வந்துடுதே!"

"அதையும் மறந்துடுவோம். நீ அழாதே" என்றான் மாப்பிள்ளை, பெருந்தன்மையோடு.

விடாமுயற்சி பலித்தது. பத்திரப் பதிவு நாளன்று மூவரும் குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவு அலுவலகத்தில் வீட்டை விற்பவரும் ஆதிமூலமும் தணிகாசலமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விற்பவருக்கு அன்று வண்டியேற வேண்டும். "யார் பேருக்காவது எழுதித் தொலைங்கய்யா!" என்று அவர் கத்தினார். தணிகாசலம் கல்யாணமாகாதவர், கையில் பணமும் உள்ளவர். தன் பேருக்கே எழுதிக்கொண்டார். பத்திரம் பதிவானதை ஆதிமூலம் கண்ணால் பார்த்தார்.

ஆவணியில் அந்த வீட்டிலேயே தணிகாசலத்துக்கும் வள்ளிக்கொடிக்கும் கல்யாணம். பத்திரிகை வந்ததும் சகோதரர்கள் அவசரமாகக் கூடினார்கள்.

"இந்தக் கல்யாணத்தை நீ எதிர்பார்த்தியாடா சீராளா?"

"சத்தியமா இல்லண்ணே."

"பொன்னழகு, நீ?"

பொன்னழகு வெகுநேரம் யோசித்தான். 

"பொண்ணை எதிர்பார்த்தேன்" என்றான் கடைசியில். "மாப்பிள்ளையை எதிர்பார்க்கலை."

"அது போதும்! எடுடா பெட்டியை."

கல்யாணத்தன்று விழுந்த மொய்யிலேயே அதுதான் பெரியது.