முள்ளி செய்த போணி

குளத்தங்காட்டுக் குட்டிகளுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சுவது முள்ளம்பன்றி முள்ளியின் வேலை. அடைமழை தொடங்கிவிட்டால் காட்டிலுள்ள அத்தனை குட்டிகளும் பெரிய குகைக்கு வந்துவிடும். மான்குட்டி, முயல்குட்டி, பன்றிக்குட்டி என்று குகை நிரம்பி வழியும். முள்ளியின் சொந்தக் குட்டிகள் இரண்டும் அந்தக் கூட்டத்தில்தான் எங்கேயாவது கிடக்கும். எல்லாருக்கும் சூடாகக் கஞ்சி ஊற்ற வேண்டும். குகையும் கதகதப்பாக இருக்க வேண்டும். அதற்கு அடுப்பு அணையக் கூடாது.

அடுப்புக்குக் கரி வேண்டுமே! கரி குளத்தங்காட்டில் கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுத்த காட்டிலிருந்து நரி கங்கன் கொண்டுவருவான். ஒரு கூடை கரி கொடுத்தால் ஒரு கூடை கிழங்கு வாங்கிக்கொள்வான். முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு கூடைக்கு இரண்டு கூடை கேட்டான். போன மழைக்கு ஆறு பெருகிவிட்டது. கங்கன் அந்தக் கரையிலேயே நின்றுகொண்டு, "நான் என்ன பண்ணட்டும் முள்ளி! தண்ணி வடியட்டும், வர்றேன்!" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். குகை சில்லிட்டுப் போனது. முள்ளியின் சின்னக் குட்டிக்கு அப்போதுதான் முள் அரும்பத் தொடங்கியிருந்தது. அது விறைத்துக் கிடந்ததை முள்ளி இன்னும் மறக்கவில்லை. வயிற்றோடு அணைத்து அணைத்துத்தான் அதைப் பிழைக்க வைத்தாள்.

அதனால் புரட்டாசி வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே முள்ளிக்கு ஐப்பசி மழையின் கவலை வந்துவிட்டது.

அப்போது குளத்தில் ஒரு புதுமை நடந்தது. நீர்நாய் துழாவன் சும்மா இருக்க மாட்டான். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான். அவன் பாறைமேல் வெயில் பிடிக்கும் தகடுகளைப் பரப்பினான். பிடித்த வெயிலை இரண்டு கம்பி வழியாகத் தண்ணீருக்குள் விட்டான். தண்ணீர் குமிழி குமிழியாய்ப் பிரிந்தது. ஒரு கம்பியில் எழுந்த குமிழிகளுக்குமேல் மட்டும் ஒரு பானையைக் கவிழ்த்துவைத்தான். பானைக்குள் காற்று நிறைந்தது.

"இது என்ன அண்ணா?" என்று கேட்டாள் முள்ளி.

"தண்ணிக்குள்ள ரெண்டு காத்து ஒண்ணா கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கும்மா. ஒண்ணு நாம மூச்சு விடுற காத்து. இன்னொண்ணு ஹைட்ரஜன். அது எரியும். வெயில் காலத்துல பிடிச்சுப் பானையில அடைச்சு வச்சுட்டா, மழைக் காலம் பூரா அடுப்பெரிக்கலாம். புகை வராது. ஆத்துக்கு அந்தப் பக்கம் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை!"

"அப்புறம் என்ன? நிறையப் பிடிங்களேன்!"

துழாவன் மீசையைத் தடவிக்கொண்டான். "நிறையப் பிடிக்கணும்னா நிறையத் தகடு வேணும், நிறையப் பானை வேணும். யார் அடுப்புலயும் எரியாத காத்தை வச்சு நான் என்ன பண்றது? வாங்குறேன்னு ஒருத்தர் வரட்டும். யாராவது போணி பண்ணட்டும்!"

போணி என்றால் முதல் வியாபாரம் அல்லவா? குளத்தங்காட்டில் அதை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. ராசியான கையாக இருக்க வேண்டும். ராசியில்லாத கை போணி செய்தால் சரக்கு தேங்கிவிடும் என்று ஒரு பேச்சு.

முள்ளி முதலில் குரங்கு தாவனிடம் போனாள். தாவன் பானை சுடுகிறவன். அவன் சூளைக்குக் கரி கொட்டி மாளாது.

"நல்ல விஷயந்தான் முள்ளி! நானே வாங்கிக்கிறேன். ஆனா போணிக்கு நான் ஆகாது. என் கை ராசியில்லாத கை. நான் தொட்ட வாழைத்தார்கூடப் பழுக்காது!"

"பழுக்கிறதுக்கு முன்னாடியே தின்னா எப்படிப் பழுக்கும்?"

தாவன் பல்லைக் காட்டிவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டான்.

அடுத்து, உப்புக் காய்ச்சும் காட்டுப்பன்றி கோறையனிடம் போனாள். "எனக்கு ஏதும்மா ராசி! என் கை இப்பத்தான் சேத்துல கிடந்துச்சு. தாவன் வாங்கட்டும், அப்புறம் நான் வாங்குறேன்" என்றான். தாவனைத் திரும்பக் கேட்டால், "கோறையன் வாங்கட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான். மானைக் கேட்டால் அதற்குக் கையே இல்லையாம், குளம்புதானாம்! நேற்றுவரை தன் கைபோல ராசியான கை உண்டா என்று பீற்றிக்கொண்டதெல்லாம் இன்று உள்ளங்கையை ஒளித்துக்கொண்டது.

துழாவனோ வாங்க ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் காற்று நிறையட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். வெயில் மட்டும் யாருக்காகவும் உட்காரவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இது கங்கனின் காதுக்கு எட்டியது. அவனுக்குப் பகீரென்றது. குளத்தங்காட்டுக்குச் சொந்த நெருப்பு வந்துவிட்டால் அவன் கரியை யார் சீந்துவார்கள்? உடனே ஓடிவந்தான். நேராகத் தவளைகளிடம் போனான்.

"விஷயம் தெரியுமா? துழாவன் தண்ணியை உடைக்கிறானாம்! உடைச்ச சட்டி ஒட்டுமா? உடைச்ச தண்ணி சேருமா? சித்திரைக்குள்ள குளம் காலி! நீங்க எங்க போய் நீந்துவீங்களோ, பாவம்!"

தவளைகள் கொர்ரென்று கத்தத் தொடங்கின. கத்தல் காடு முழுக்கப் பரவியது.

அடுத்துக் கங்கன் காட்டுத் தலைவி யானை வேழம்மாவிடம் போய்க் கும்பிட்டான். "தாயே, குட்டிகள் குளிரில் வாடினா என் மனசு தாங்காது. இந்த மழைக்கு முன்னாடியே குகை நிறையக் கரி கொட்டிடுறேன். பதிலுக்கு இந்தக் காட்டுக் கிழங்கெல்லாம் இனிமே எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்!"

வேழம்மா காதை மெல்ல ஆட்டினாள். "நாளை உச்சிப்பொழுதில் கூட்டம் போடுகிறேன். எல்லாரும் வாருங்கள். அங்கே முடிவு செய்வோம்" என்றாள்.

இது முள்ளிக்கும் தெரிந்தது. கிழங்கெல்லாம் நரிக்குப் போய்விட்டால் கஞ்சியில் எதைப் போடுவது? ஆறு மறுபடி பெருகினால் கரியும் வராது, கிழங்கும் இருக்காது. அவள் நேராகக் குளக்கரைக்கு நடந்தாள்.

"துழாவன் அண்ணா! அந்தப் பானையை எனக்குக் கொடுங்க. நான் போணி பண்றேன்."

"உன் கைக்கு ராசி இருக்கா?"

"ராசி இருக்கோ இல்லையோ, வேலை இருக்கு! இந்தாங்க, ஒரு கூடைக் கிழங்கு."

துழாவன் சிரித்துக்கொண்டே மூங்கில் குழாயும் துளையிட்ட மண்ணடுப்பும் கொடுத்தான். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோம்மா. இந்தக் காத்துக்கு வாசனை கிடையாது. ரொம்ப லேசு, விட்டா மேல ஓடிடும். மூடின இடத்துல தேங்கினா ஆபத்து. எங்க அடுப்பு வச்சாலும் மேல கூரையில ஒரு திறப்பு இருக்கணும்."

"சரிண்ணா. பால் பானையைப் பார்த்துக்கிற மாதிரி பார்த்துக்கிறேன்."

மறுநாள் ஆலமரத்தடித் திடலில் காடே கூடியது. நடுத்திடலில், நல்ல வெயிலில், முள்ளி அடுப்பை வைத்தாள். துழாவன் குழாயைத் திறந்தான். முள்ளி ஒரு தீப்பொறியைக் காட்டினாள். 'பப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். முள்ளி கஞ்சிப் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டு, "எரியுது!" என்றாள்.

எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். புகை இல்லை. கங்கு இல்லை. சுடரும் இல்லை! அடுப்பு சும்மா கிடப்பதுபோல இருந்தது.

"எங்கடி எரியுது?" என்றான் கோறையன்.

கங்கன் உருண்டு உருண்டு சிரித்தான். "நல்லாப் பாருங்க! இதுதான் உங்க சொந்த நெருப்பு! கண்ணுக்கே தெரியாத நெருப்பு! நாளைக்குக் கண்ணுக்கே தெரியாத கஞ்சி ஊத்துவா. குடிச்சுட்டு ஏப்பம் விடுங்க!"

காடே கொல்லென்று சிரித்தது. தாவன் கிளையிலிருந்து விழாத குறை.

முள்ளிக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் கங்கனிடம், "சூடு இருக்கு மாமா. கிட்ட வராதீங்க" என்றாள்.

"சூடா? நான் வாலையே வைக்கிறேன், பாரு!"

"வேணாம் மாமா!"

"எதுக்கு வேணாம்? குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா?" என்று கேட்டுக்கொண்டே கங்கன் தன் வாலைத் தூக்கிப் பானைக்கு அடியில் நீட்டினான்.

"ஐயோ! அம்மா!"

ஒரே தாவு. வால் நுனி முடி கருகிப் போனது. அவன் வாலை வாயில் கவ்விக்கொண்டு திடலைச் சுற்றி ஓடினான். ஆனால் கங்கன் லேசுப்பட்டவனா? ஓடி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, "நெருப்பு இல்ல! முள்ளி முள்ளால குத்திட்டா! எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே குத்திட்டா!" என்று கத்தினான்.

"அட, குத்தினாலும் குத்தியிருப்பா" என்றது மான்.

"அவ உடம்பு முழுக்க முள்ளுதானே" என்றான் தாவன்.

வேழம்மா முள்ளியைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கண்ணில் தண்ணீர் முட்டியது.

அந்த நேரத்தில் அவளுடைய சின்னக் குட்டி கூட்டத்துக்குள்ளிருந்து கத்தியது. "அம்மா! கஞ்சி பொங்குது!"

ஆமாம்! எரியாத அடுப்பில் கஞ்சி தளதளவென்று பொங்கிக்கொண்டிருந்தது! உப்புப் போட்ட கஞ்சி பானை விளிம்பைத் தாண்டிச் சொய்யென்று அடுப்பில் வழிந்தது. வழிந்த இடத்தில், அதுவரை கண்ணுக்குத் தெரியாத நெருப்பு, பளிச்சென்று மஞ்சளாக எழுந்து மறைந்தது.

முள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உப்புப் பட்டால்தான் இந்த நெருப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோறையன் சுமந்து வந்திருந்த உப்பு மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளினாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

உப்பைக் கிள்ளிக் கிள்ளி அடுப்பில் தூவினாள். மஞ்சள் சுடர் ஒவ்வொரு துளையிலும் பூப்போல விரிந்து ஆடியது. பூவரசம்பூ நிறம்!

"அடேயப்பா!" என்றான் தாவன்.

"என் உப்பு!" என்றான் கோறையன். பெருமையாகத்தான் சொன்னான்.

தவளைத் தலைவன் கொரட்டன் மட்டும் விடவில்லை. "நெருப்பு சரி. எங்க தண்ணி? உடைச்ச தண்ணி எங்க போச்சு?"

"இதுக்குப் பதில் நான் சொல்றேன்" என்று துழாவன் முன்னால் வந்தான். குளத்தில் முக்கி எடுத்த ஒரு குளிர்ந்த சட்டியைச் சுத்தமாகத் துடைத்து, உப்புத் தூவாத ஓரத்தில் நெருப்புக்கு மேலே பிடித்தான். சட்டியின் அடி மங்கலாயிற்று. பிறகு முத்து முத்தாகத் துளிர்த்தது. ஒரு துளி சொட்டியது.

"எரியும்போது பிரிஞ்ச காத்து ரெண்டும் மறுபடி சேர்ந்துக்கும். தண்ணியாத் திரும்பி வரும். அது ஆவியாப் போயி மழையோட மழையாச் சேரும். குளத்துல இருந்து நாம எடுக்கிறதும் மான் குடிக்கிறதைவிடக் குறைச்சல்தான். குடிச்சுப் பாருங்க."

கொரட்டன் நாக்கை நீட்டி ஒரு துளியைச் சுண்டி இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். "தண்ணிதான்! பாசி வாசனை இல்லை, அது ஒண்ணுதான் குறை!"

மறுபடி காடு சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

வேழம்மா தும்பிக்கையை உயர்த்தினாள். "முள்ளி, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"தலைவியம்மா, என் ஒரு அடுப்பை நம்பித் துழாவன் அண்ணன் பத்துத் தகடு போட முடியாது. அவர் போடாம என் குகை சூடாகாது. அதனால தாவன் சூளைக்கும், கோறையன் அண்ணன் உப்புக் கொப்பரைக்கும், குகைக்கும் மழை முடியிற வரைக்கும் இந்தக் காத்தைத்தான் வாங்குவோம்னு எல்லாரும் இப்பவே ஒரே வாயாச் சொல்லணும். தகடு பரப்பப் பாறையைக் காடு கொடுக்கணும். தூக்க ஆளும் கொடுக்கணும். வெயில் போறதுக்குள்ள!"

"நான் தூக்குகிறேன்" என்றாள் வேழம்மா. "இனி இது துழாவன் வேலை இல்லை. நம் காட்டு வேலை. கிழங்கும் இனி நமக்கே."

"பானை நான் சுட்டுத் தர்றேன்!" என்றான் தாவன். "போணிதான் ஆயிடுச்சே!"

"இப்ப மட்டும் உன் கைக்கு ராசி வந்துடுச்சா?"

"தார் பழுக்கிற வரைக்கும் பொறுத்துக்கிறேன் முள்ளி, விடு!"

புரட்டாசி முடிவதற்குள் பாறை முழுக்கத் தகடுகள் மின்னின. குளத்தோரம் கவிழ்த்த பானைகள் வரிசை கட்டின. நிறையப் பிடிக்கப் பிடிக்கத் துழாவனுக்குக் கை பழகியது. முதல் பானைக்கு ஒரு கூடை வாங்கியவன் பிறகு அரைக் கூடைக்கே கொடுத்தான். குகைக் கூரையில் மறக்காமல் ஒரு திறப்பு வைத்தார்கள். அடுப்படியில் ஒரு சிரட்டை உப்பும் வைத்தார்கள். எரிகிறதா என்று பார்க்க ஒரு கிள்ளு, அவ்வளவுதான்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. குகைக்குள் குட்டிகள் கஞ்சி குடித்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முள்ளியின் சின்னக் குட்டி, முள் நன்றாக விறைத்து, எல்லாரையும் குத்திக் குத்தித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் யாரோ தும்மினார்கள். கங்கன்! இந்தக் கரைக்கு வந்தபோது வெள்ளம் பெருகிவிட, திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டான். முதுகில் கரிக் கூடை. கரி முழுக்க நனைந்து சொதசொதவென்று இருந்தது.

"உள்ள வரலாமா முள்ளி?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"வாங்க மாமா. கஞ்சி சூடா இருக்கு. வாலை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க!"

அடுத்தவர் முதலில் தொடங்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தால் எந்த நல்ல தொழிலும் பிறக்காது. துணிந்து முதல் கை நீட்டியவரோடு ஊரே கைகோத்தால்தான் நம் அடுப்பு நம் நெருப்பில் எரியும்.