ஏழு நடுக்கங்கள்

கட்டடங்களை ஆட்டிப் பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் அருட்செல்வி ஆசிரியராக இருந்தார். அவரிடம் கற்க வந்த தேவசகாயம் அவரைவிட ஆறு வயது மூத்தவர்; அரசுப் பொறியாளர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாம் வரைந்த மகப்பேறு மருத்துவமனை நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று அறிவதே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு. தாங்காது என்றால் அதை மூடிவிடுவார்கள்.

நிகழாத நிலநடுக்கங்களை அவர் கணினியில் உருவாக்கினார். ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் போதும். நூற்றுக்கணக்கான அலைகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் முன்பின்னாக அடுக்கி, கணினி ஒரு நடுக்கத்தைச் செய்து தரும். எண்ணை மாற்றினால் நடுக்கமும் மாறும். எல்லாம் அரசின் கட்டட விதிநூல் சொன்ன வலிமைக்கு உட்பட்டவையே.

மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு பிற்பகலில் அவர் அறிக்கையுடன் வந்தார். ஆட்டும் மேடையின்மேல், அந்த மருத்துவமனையின் இடுப்பளவு உயரமான மாதிரிக் கட்டடம் விரிசலின்றி நின்றிருந்தது.

“ஏழு நடுக்கங்களையும் தாங்கிவிட்டது, மேடம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் இன்றே அனுப்பிவிடுவேன்.”

அருட்செல்வி நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார்.

“தொடக்க எண்கள் நான்கு, ஒன்பது, பதினாறு என்று தாவித் தாவி நாற்பத்தொன்றில் முடிகின்றன. எண்ணத் தெரியாதவரா சார் நீங்கள்? நடுவில் இருந்தவை எங்கே?”

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையில் எண்களை வரிசையாக மாற்றி எழுத அவருக்குத் தோன்றியிருக்கவேயில்லை.

“முதலில் கணினியிலேயே ஓட்டிப் பார்த்தேன். சிலவற்றில் கீழ்த்தளத் தூண்கள் ஒடிந்தன.”

“சிலவா?”

“முப்பத்து நான்கில்.”

“அவை விதிநூலை மீறியவையா?”

“இல்லை. ஆனால் விதிநூல் கேட்பது ஏழுதானே, மேடம்?”

“நிலநடுக்கத்துக்கே நேர்முகத் தேர்வு வைத்திருக்கிறீர்கள். தேறாதவற்றை என்ன செய்தீர்கள்?”

“அழித்துவிட்டேன்.”

தேவசகாயத்தின் குரல் திடீரென்று உயர்ந்தது.

“என் பெயருக்காக மட்டும் செய்யவில்லை. அதை மூடினால் அடுத்த மருத்துவமனைக்கு எண்பது கிலோமீட்டர். வலியெடுத்தவள் வழியிலேயே போய்ச் சேருவாள். வரப்போவதே தெரியாத ஒரு நடுக்கத்துக்காக அதை மூடச் சொல்கிறீர்களா?”

“வழியில் சாவாள் என்பது உண்மைதான்,” என்றார் அருட்செல்வி.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதலானார். அனுப்புநர் என்ற இடத்தில் தேவசகாயத்தின் பெயரும் பதவியும். கீழே: ‘பொருள்: இணைப்பில் கண்ட ஏழு விதமாக மட்டுமே நடுங்கக் கோருதல் – தொடர்பாக.’ அறிக்கையை அதன் பின்னால் சேர்த்து, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினார்.

“முதலில் இதை அனுப்புங்கள். பிறகு கையெழுத்திடுகிறேன்.”

இருபத்தைந்து ஆண்டுகளாக அலுவலகக் கடிதங்களைத் திருத்திய தேவசகாயத்தின் கண் குறையை உடனே கண்டது.

“பெறுநர் விடுபட்டிருக்கிறது, மேடம்.”

“நிலம் கடிதம் வாங்காது, சார். இன்று அந்த மருத்துவமனையில் படுத்திருப்பவர்களின் பெயர்களை அங்கே எழுதுங்கள். குழந்தைகளுக்கு இன்னும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இடம் விட்டு எழுதுங்கள்.”