பாலத்து வழியாப் போங்கய்யா

வக்கீல் தாண்டவமூர்த்தி எந்த வழக்கிலும் தோற்றதில்லை. இருபத்தைந்து வருடமாகத் தேர்தலிலும் தோற்றதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நாணல்திட்டு கிராமத்துக்குப் பாலம் கட்டியாயிற்று என்று சட்டசபையிலேயே சொன்னவர். இனிப் படகு எதற்கு என்று படகோட்டி சூசையின் உரிமத்தை அதிகாரிகள் ரத்து செய்துவிட்டார்கள். அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஒருநாள் புது அமைச்சரை அழைத்துக்கொண்டு தாண்டவமூர்த்தி ஆற்றங்கரைக்கு வந்தார். அக்கரையில் மேளதாளத்தோடு ஊர் காத்திருந்தது.

"டேய் சூசை, படகை எடுடா!"

சூசை கைகட்டி நின்றான். "உரிமம் இல்லாம ஓட்டினா ஜெயிலாம். சட்டம் படிச்ச நீங்களே தப்பு பண்ணச் சொல்லலாமா? பாலத்து வழியாப் போங்கய்யா."

அமைச்சர் திடுக்கிட்டு ஆற்றைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தண்ணீர்.

"எங்கேய்யா பாலம்?"



அமைச்சர் அங்கேயே உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அடுத்த தேர்தலில் தாண்டவமூர்த்திக்குக் கட்சி சீட்டே தரவில்லை.