இலுப்பை மரத்தில் சைவக் குடித்தனம்

குளக்கரை இலுப்பை மரத்தின் மேல்பொந்தில் ஓர் அணில் தன் மனைவியோடு வாழ்ந்தது. கீழ்ப்பொந்து காலியாகக் கிடந்தது.

"சும்மா போட்டு வச்சா பாம்பு புகுந்துக்கும். யாரையாவது குடிவைங்க!" என்றது பெண் அணில்.

"வைக்கலாம். அதுக்காகக் கண்டவங்களையும் விட முடியுமா? நம்ம மரத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு!"

முதலில் ஆந்தை வந்தது. அணில் அதன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"என்ன சாப்பிடுவீங்க?"

"எலி. கிடைச்சா பாம்புக்குட்டி."

"ஐயய்யோ, அசைவமா? வேற இடம் பாருங்க!"

அடுத்து மரங்கொத்தி வந்தது. "பூச்சி, புழு, கரையான்..." என்று அது தொடங்கியதுமே அணில் வாலால் மூக்கைப் பொத்திக்கொண்டது. "சொல்லும்போதே வாடை அடிக்குதே!"

முதல் மழை விட்டதும் இரண்டு ஈசல்கள் வந்தன. இறக்கைகளை வாசலிலேயே உதிர்த்துவிட்டுப் பணிவாக நின்றன. அந்த அடக்கம் அணிலுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"எத்தனை பேர்?"

"நாங்க ரெண்டு பேர்தான் சார். இப்பதான் கல்யாணம் ஆச்சு."

"விருந்தாளி, கூட்டம்னு யாராவது...?"

"யாரும் வர மாட்டாங்க. நாங்களும் வெளியே தலை காட்ட மாட்டோம்."

"சாப்பாடு?"

"சுத்த சைவம் சார்! மரத்தைத் தவிர எதையும் வாயில வைக்க மாட்டோம்."

அணிலுக்குப் புல்லரித்தது. "ஆகா, இதல்லவா குடும்பம்! உள்ளே வாங்க!"

காலம் போனது. இரண்டு ஈசல்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருகி, மரத்துக்குள் பெரும் கரையான் கூட்டமே உண்டானது. ஆனால் சத்தம்? மூச்! "குடித்தனக்காரங்கன்னா இப்படி இருக்கணும்!" என்று அணில் மரம் மரமாகப் போய்ப் பீற்றிக்கொண்டது.

பெண் அணில் குட்டி போட்டிருந்த சமயம், அவ்வழியே வந்த மரங்கொத்தி அடிமரத்தைத் தட்டிப் பார்த்துப் பதறியது.

"உள்ளே வெறும் கூடுங்க! ஒரு காத்துக்குத் தாங்காது. என்னை விடுங்க, கரையானைத் தின்னு தீர்த்துடறேன்!"

"என் மரத்துல உட்கார்ந்து உயிரைத் தின்பியா? போ, போ!"

"குட்டிங்க இன்னும் கண்ணு முழிக்கலையே, கொஞ்சம் யோசிங்க!" என்று கெஞ்சியது பெண் அணில்.

அணில் யோசிக்கத்தான் செய்தது. இப்போது கரையானைத் துரத்தினால், ஊரெல்லாம் பேசிய பெருமை என்னாவது? "அதெல்லாம் மரம் விழாது!" என்றது.

ஐப்பசிக் காற்றில் மரம் இடுப்பொடிந்து விழுந்தது. பெண் அணில் குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக் காப்பாற்றியது. அவற்றோடு மரங்கொத்தி இருந்த மரத்துக்கே போய்விட்டது. கணவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

முறிந்த கட்டையின் மேல் அணில் நனைந்துகொண்டு தனியே உட்கார்ந்திருந்தது. உள்ளிருந்து ஒரு கரையான் எட்டிப் பார்த்தது.

"வீடு நல்ல ருசி சார்! இதே மாதிரி வேற மரம் இருக்கா?"

அணில் முறிந்த மரத்தை ஒருமுறை பார்த்தது. ஆனாலும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது: "என்ன இருந்தாலும், சுத்த சைவம்!"

அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஆளைச் சேர்ப்பவன், தன் வீட்டையே தின்ன வருகிறவனை வாசலில் நின்று வரவேற்பான்.