கழுவிக்கொண்டு வந்த கால்

"சாமி, என் வீட்டுக்காரி சாகணும்னே படுத்திருக்கா. நான் என்ன குறை வச்சேன்?"

கேட்டவர் கஸ்பார், படகு எஞ்சின் மெக்கானிக். அறுபதைத் தாண்டியவர். கேட்கப்பட்டவர் ஊர் மாதா கோயிலின் பங்குச் சாமியார் தார்சிஸ். சாமியாருக்குக் கஸ்பாரின் மகன் வயதுதான் இருக்கும். வயதைப் பார்க்கிற நிலையிலா இருந்தார் கஸ்பார்?

"என்னவெல்லாம் செய்றீங்க?"

"குளிப்பாட்டுதேன். தலை பின்னி விடுதேன். கஞ்சி வச்சு ஊட்டுதேன். கீழ எறங்கினா விழுந்துருவாளேன்னு கட்டிலை விட்டு எறங்கவே விடல. தண்ணித் தம்ளரைக்கூடத் தொட விடமாட்டேன். கல்யாணத்தன்னிக்குப் பீடத்துக்கு முன்னால வாக்குக் குடுத்தேம்லா, சாமி? ஒரு சொல்லு தவறல."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"பேச்சையே விட்டுட்டா. ரெண்டு நாளாக் கஞ்சியும் வேண்டாங்கா. செவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா."

பக்கவாதம் வந்து மனைவி மதலேனின் வலது கையும் காலும் போன நாளிலிருந்து மனிதர் ஓய்ந்ததே இல்லை. பெண்டாட்டியை இப்படித் தாங்குகிறவன் உண்டா என்று தெருவே மெச்சியது. மெச்சி என்ன பிரயோசனம்? அவள் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பெரிய வியாழன்," என்றார் சாமியார். "இயேசு சீடர்களுக்குக் கழுவின மாதிரி நான் பாதம் கழுவுற பன்னிரண்டு பேர்ல ஒருத்தரா வந்து உக்காருங்க."

"நான் கேட்டது அதில்லையே, சாமி."

"வாங்க."

மறுநாள் சாயங்காலம் கஸ்பார் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தார். அவள் திரும்பவில்லை. ஆறிப்போனதை எடுத்துக் கொட்டிவிட்டு, கிணற்றடியில் உட்கார்ந்து காலைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்குப் பேர் கொடுத்த எவரும் செய்கிற காரியம்தான் இது. சாமியார் குனிந்து தொடுகிற காலில் அழுக்கு இருக்கலாமா? கஸ்பாரின் குதிகாலில் வருஷக் கணக்கில் ஏறிய கிரீஸ். தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தோல் சிவக்கிற மட்டும் தேய்த்தார். நகத்தையும் வெட்டிக்கொண்டார்.

கோயிலில் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் முழங்கால் போட்டார். கஸ்பார் முறை வந்தது. சாமியார் அவர் காலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"வீட்டுலயே கழுவிட்டீங்களா?"

"ஆமா, சாமி. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு."

சாமியார் அந்தக் காலை மெல்லக் கீழே வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. எழுந்து அடுத்தவரிடம் போய்விட்டார்.

கோயிலே பார்த்தது. கஸ்பாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

பூசை முடிந்ததும் சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்கே கஸ்பார் போய் நின்றார்.

"இத்தனை சனத்துக்கு முன்னால என்னை அவமானப்படுத்திட்டீங்களே!"

"எனக்கும் அவமானமாத்தான் இருந்துச்சு," என்றார் சாமியார். "முழங்கால் போட்டுட்டேன். அங்க எனக்கு நீங்க ஒரு வேலையும் மிச்சம் வைக்கல."

கஸ்பார் தேய்த்துச் சிவந்த காலைக் குனிந்து பார்த்தார். வீட்டுக்கு நடந்தார்.

மதலேன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். அவர் விளக்கைப் போட்டுவிட்டு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். அவளிடம் ஏதாவது கேட்க வேண்டும். என்ன கேட்பது? கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

"மதலேன், தலை வலிக்கி. கொஞ்சம் தைலம் தேச்சு விடுதியா?"

அவள் இடது கையால் போர்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். காலம் கடந்துதான் போய்விட்டது என்று நினைத்தார்.

"எந்தக் கையால?"

சுவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அத்தனை கசப்பு அந்தக் குரலில்.

"இருக்கிற கையால."

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. இடது காலைத் தரையில் ஊன்றினாள். வலது காலை இடது கையால் தூக்கி இறக்கினாள். தைலம் எதிர்ச் சுவர் அலமாரியில் இருந்தது. சுவரைப் பிடித்தபடி நகர்ந்தாள். சிமெண்டுத் தரையில் கால் இழுபடுகிற சத்தம் அவரால் தாங்க முடியவில்லை. பாதி வழியில் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கஸ்பார் துள்ளி எழப்போனார்.

"எழும்பாதீங்க," என்றாள் மதலேன்.